கிரெனடாவின் 2024, கமலாம்பிகையையும் சேர்த்து

என் அம்மா கமலாம்பிகை யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மஃபின் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடாவுக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் அங்கே யார் செத்தாலும் எங்கள் வீட்டில் சோறு தாமதமாகும்.

காரணம், வோபர்ன் அடுக்குமாடியில் அடுத்த கதவுக்காரர் றொனால்ட். கிரெனடாவில் பிறந்தவர். அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் பார்வை போனபிறகு அம்மா தினமும் இஞ்சித் தேநீரோடு போய், தன் ஆங்கிலத்தில் அந்தத் தீவின் செய்திகளை வாசித்துக் காட்டுவார். ஆண்டின் கடைசி நாள் பின்னேரம் இருவருமாக அந்த ஆண்டைச் சொல்லி முடிப்பார்கள். முதலில் நடந்தவை, பிறகு செத்தவர்கள். ஒவ்வொரு செத்தவீடும் எப்படி நடந்தது, யார் யார் அழுதார்கள் என்று அம்மா கேட்காமல் விடமாட்டார்.

2024 கிரெனடாவுக்குப் பெரிய ஆண்டு. சுதந்திரத்தின் பொன்விழா. யூலையில் பெரில் புயல். றொனால்டின் தங்கை இருந்த கரியாக்கூ என்ற சின்னத் தீவில் கூரைகள் பறந்தன. தங்கை போன் எடுக்கும்வரை அம்மா சாப்பிடவில்லை. "நீ கொம்பியூட்டர் படிச்சனிதானே, அந்த லைனைத் திருத்தன்" என்று என்னிடம் சொன்னார். நான் விட்பியில் வசிக்கும் நெற்வேர்க் இஞ்சினியர். கரியாக்கூ என் பொறுப்பில் இல்லை என்றேன். ஒலிம்பிக்கில் கிரெனடாவுக்கு இரண்டு வெண்கலம் கிடைத்தபோது லிஃப்டில் ஏறியவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். கனடா எத்தனை வென்றது என்று அவருக்குத் தெரியாது.

நவம்பரில் அம்மா இறந்தார்.

தம்பி ராகுலன் கிரியை செய்தான். நேரலை என் பொறுப்பு: லண்டன், பாரிஸ், யாழ்ப்பாணம், அடுத்த கதவு. றொனால்டுக்கு இடுப்பு முறிந்திருந்தது, வரமுடியாது. அவர் மடியில் ரப்லெற்றில் நேரலையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன். எல்லாரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். கோடு வடிவாகத் துள்ளியது. ஒலி மட்டும் வெளியே போகவில்லை. யாரும் தொந்தரவு செய்யக்கூடாதென்று போனையும் அணைத்திருந்ததால், அதை எனக்குச் சொல்லவும் ஒருவராலும் முடியவில்லை. இந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

டிசெம்பர் கடைசி நாள், அம்மாவின் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். றொனால்ட் சுவரில் தட்டினார். ஆண்டை முடிக்கவேண்டுமாம். மடிக்கணினியோடு அவர் வீட்டுக்குப் போனேன். நான் தயாராகத்தான் வந்திருந்தேன். ஸ்லைட் செய்திருந்தேன். படங்களோடு. பார்வையில்லாதவருக்கு.

"டிக் டிக் எண்டு கேக்குது, உதென்ன?" என்றார். அவருடைய ஆங்கிலம் எனக்கு அம்மாவின் தமிழில்தான் எழுதவருகிறது.

"அடுத்த ஸ்லைட், அங்கிள்."

"நல்ல வடிவா இருக்கு" என்று சிரித்தார்.

நடந்தவை முடிந்தன. செத்தவர்களுக்கு வந்தேன். ஒரு பள்ளி அதிபர், ஒரு நீதவான், ஸ்ரீல் பான் என்ற இரும்பு மேளம் வாசிப்பவர் ஒருவர். ஒக்ரோபரிலிருந்து நேரே டிசெம்பருக்குப் போனேன்.

"ஒராளை விட்டிட்டாய், பிள்ளை."

"அவ கிரெனடா இல்லை, அங்கிள்."

"உதை ஆர் சொன்னது? அக்கான்ரை செத்தவீடு எப்பிடி நடந்தது, சொல்லு. நான் காதைக் குடுத்துக்கொண்டே இருந்தன். ஒரு சத்தமும் இல்லை. உங்கடை ஆக்கள் சத்தமில்லாமல் அழுவினமாக்கும் எண்டு நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்."

"சத்தம் இருந்தது. நான்தான் அனுப்பேல்லை."

"என்ன சத்தம்?"

மணி, பாட்டு, அன்ரிமாரின் அழுகை என்றேன். என்ன பாட்டு என்று கேட்டார். தெரியவில்லை. கோடு துள்ளியதுதான் தெரியும்.

"பிறகு உரலிலை பொற்சுண்ணம் இடிச்சம், அது எங்கடை செத்தவீட்டுச் சடங்கு. அதுக்கெண்டு உரல் ஒழுங்கு செய்ய மறந்துபோச்சு. அம்மான்ரை குசினி உரலைத்தான் கொண்டுபோனது."

றொனால்ட் நிமிர்ந்தார். "இஞ்சி இடிக்கிற உரலோ? விடிய எழும்பினால் எனக்கு முதல் கேக்கிறது அதுதான். போ, அங்காலை போய் இடி."

அம்மாவின் குசினிக்குப் போனேன். பெட்டியைப் பிரித்து உரலை எடுத்து, சுவரோரம் வைத்து, வெறும் உரலை இடித்தேன்.

"மெதுவா, பிள்ளை!" என்று சுவருக்கப்பால் கத்தினார். "அக்கா அவசரப்படமாட்டா."

மெதுவாக இடித்தேன். கொஞ்ச நேரத்தில் றொனால்ட் அழுவது கேட்டது. பிறகு நானும். இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டது. தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை.