கருப்பனைக் கூப்பிட்ட குரல்

பிள்ளைகளே, அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் அவிழ்த்துவிட்ட நம் கருப்பன் காளை அன்று வீடு திரும்பவில்லை. தொலைந்த காளைகளைத் தேடிப்பிடிக்க ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வலைத்தளம் செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் ஓடினேன்.

நரைத்த மீசை, விரிசல் விழுந்த செல்போன். ஏஐயிடம் பேசியே தளத்தைக் கட்டியிருந்தார். பழகியவர்களைப் போலவே அந்த ஏஐயையும் "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, இதுல ஏற்கெனவே பதினோரு கருப்பன் இருக்கு. போட்டோவுல எல்லாமே ஒண்ணுபோலத்தான் தெரியுது. உங்க காளைய எப்படிக் கண்டுபிடிக்க?" என்று கேட்டார்.

"என் சத்தம் கேட்டா திரும்பும்" என்றேன்.

உடனே போனிடம் சொன்னார்: "மாப்ள, ஒவ்வொரு காளைக்கும் அதோட ஆளு கூப்பிடுற குரலச் சேத்துவைக்க இடம் போடு."

சற்று நேரத்தில் புதிய பொத்தான் வந்தது. "கருப்பா, வாடா" என்று கூச்சத்தோடு பேசினேன். மாலைக்குள் மற்றவர்களும் பதிந்தார்கள்.

மறுநாள் கீழக்குயில்குடியிலிருந்து அழைப்பு வந்தது. மலையடியில் நின்ற காளையிடம் ஊர்க்காரர்கள் தளத்திலிருந்த குரல்களை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டார்களாம். என் குரலுக்குக் காதை விடைத்துக்கொண்டு ஓடிவந்ததாம்.

"கிடைச்ச மாட்ட லிஸ்டுலருந்து தூக்கிருவேண்ணே" என்றார் ஆட்டோக்காரர்.

கருப்பன் செத்து இரண்டு வருடமாகிறது. அந்தப் பொத்தானை அழுத்தினால் இன்றும் நான் அவனைக் கூப்பிடுவது கேட்கிறது. மற்ற பதினோரு கருப்பன்களையும் தளத்திலிருந்து எடுத்தவர் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று தெரியவில்லை.