தலைப்பிரசவத்துக்கு ஒரு தாய்வீடு

வளவனூர் ராஜாம்பாளுக்குக் கோபம் வந்தால் தெருவே ஒதுங்கி வழிவிடும். 1934 ஐப்பசியில் அந்தக் கோபம் புதுச்சேரி சிறைச்சாலை வாசலில் வந்து நின்றது. உள்ளே எட்டு மாதக் கர்ப்பிணியாக அவளுடைய ஒரே மகள் அமிர்தவல்லி இருந்தாள்.

மகள் செய்த குற்றத்தைக் கேளுங்கள். சைகோனில் வேலை பார்க்கும் புதுச்சேரிக்காரனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கோயிலில் தாலி ஏறியதோடு கல்யாணம் முடிந்ததென்று இரண்டு வீட்டாரும் பாயசம் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சர்க்கார் ஏட்டில் மனைவியாக இல்லாதவள் மனைவியாகக் கப்பலேற முடியுமா? மாப்பிள்ளை முன்னால் போய்விட்டான். பிறகு ஒரு தரகன், புதுச்சேரியில் பிறந்து செத்துப்போன யாரோ ஒருத்தியின் பிறப்புச் சீட்டை இவள் கையில் திணித்துக் கப்பல்துறைக்கு அனுப்பினான். கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் கால் வைக்கும் முன்பே இவளைப் பிடித்துவிட்டார்கள். தரகன் அகப்படவே இல்லை. அவன் நாசமாய்ப் போக.

இரண்டு மாதமாகியும் வழக்கு விசாரணைக்கு வரவில்லை. சைகோனிலிருந்து காகிதம் வரவேண்டுமாம். அதுவரை வெளியே விட முடியாது என்று விசாரணை நீதிபதி சொல்லிவிட்டார். காரணத்தை வக்கீல் அமலநாதன் விளக்கினார்.

"உங்க ஊரு இங்கிலீஷ்காரன் சீமைம்மா. பொண்ணு எல்லையத் தாண்டிட்டா இவங்க போலீசு அங்க வர முடியாது. பிரெஞ்சு எல்லைக்குள்ள உங்களுக்கு வீடு இருந்தா கேட்டுப் பாக்கலாம்."

"தலைப்பிரசவம் அம்மா வூட்லதானங்கய்யா பாக்கணும்? எம்பொண்ணு ஜெயில்லயா பெத்துக்கணும்?"

"சட்டத்துக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

ராஜாம்பாள் ஊருக்குத் திரும்பி, முப்பது வருஷம் குடியிருந்த வீட்டைப் பூட்டினாள். அம்மியையும் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றிவிட்டு, கறவைப் பசுவைக் கன்றோடு ஓட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்ட சுங்கச்சாவடிக்காரரிடம், "குடி போறேன்" என்று மட்டும் சொன்னாள். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த சாரம் என்கிற ஊரில் ஒழுகுகிற ஒரு கூரைவீடு வாடகைக்குக் கிடைத்தது. அதற்குக் கீற்று மாற்றி, சுவருக்கு மண் பூசி, அடுப்பு போட்டாள்.

பத்தாம் நாள் அமலநாதன் அவளை நீதிபதி முன் நிறுத்தினார். மகளைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே ஓடிவிட மாட்டாய் என்பதற்கு என்ன சாட்சி என்று நீதிபதி துபாஷி மூலம் கேட்டார்.

"எம்மாடு சாரத்துல கட்டிக் கெடக்குதுங்க. நாலு வூட்டுக்கு வாடிக்கையா பால் ஊத்தறேன். ஒருநாள் பால் போவலன்னா போலீசுக்கு முன்னாடி அவங்க வந்து நிப்பாங்க."

துபாஷி இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொன்னாரோ, நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். வாரம் ஒருமுறை போலீசில் முகம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அமிர்தவல்லியை விடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் கால்கள் வீங்கி, முகம் வெளிறி அவள் வெளியே வந்தாள். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வண்டி சாரத்துக்குள் திரும்பி அந்தக் கூரைவீட்டின் முன் நின்றது. சுவரில் மண்பூச்சு இன்னும் காயவில்லை. வளவனூருக்குத்தான் போகிறோம் என்று நினைத்திருந்த பெண் திகைத்துப்போனாள்.

"இது யாரு வூடும்மா?"

ராஜாம்பாள் முதலில் இறங்கி, மகளுக்குக் கை கொடுத்தாள்.

"உங்கம்மா வூடுதாண்டி. வலது கால எடுத்து வெச்சி உள்ள வா."