லெட்சுமி அக்கா வெட்டச் சொன்னார்

இடிபட்ட காருக்குப் பட்டறைக்காரர் திருத்தச் செலவைக் கூட்டி எழுதுவார், காப்புறுதி நிறுவனத்துக்காக நான் போய் வெட்டுவேன். பதினேழு வருடமாக ஜொகூரில் இதுதான் என் பிழைப்பு. காரைப் பட்டறையில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் பஸ்ஸுக்கு நின்ற வாசகர்களே, நீங்கள் திட்டிய ஆள் நான்தான்.

இடிபடாத விளக்கு

உலு திராமில் பட்டறை வைத்திருக்கும் அந்தோணி அண்ணனுக்குத் தொழில் சுத்தம். எஸ்டிமேட் மட்டும் கொஞ்சம் தாராளம். ஒருமுறை இடது பக்கம் மட்டும் இடிபட்ட காருக்கு இரண்டு முன்விளக்கும் எழுதியிருந்தார். வலது விளக்கைத் துடைத்துக் காட்டி, இதற்கு என்ன நோய் என்று கேட்டேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "ஒரு கண்ணு புதுசு, ஒரு கண்ணு பழசுன்னா பாக்க நல்லாவா இருக்கும் சார்?"

யாருக்காக

இன்னொரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வெட்டுவேன் என்று தெரிந்தும் ஏன் எழுதுகிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் எனக்கு ஒரு தே தாரேக் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்: "நான் சரியா எழுதினாலும் நீங்க வெட்டத்தான் போறீங்க. வெட்டலன்னா உங்க ஆபீஸ்ல சும்மா விடுவாங்களா? உங்களுக்கும் சேர்த்துதான் லா எழுதறேன்."

சீட்டு

பண்டார் தெங்காராவில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஒன்று பின்னால் எடுக்கும்போது லெட்சுமி அக்கா என்பவரின் பழைய காரை இடித்துவிட்டது. அந்தோணி அண்ணனின் எஸ்டிமேட் மூன்று பக்கம். வழக்கம்போல வெட்டினேன். அப்படியும் காரின் காப்புறுதித் தொகையைத் தாண்டியே நின்றது. தாண்டினால் நிறுவனத்தார் திருத்த மாட்டார்கள். தொகையைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தொகைக்கு வேறு கார் கிடைக்காது.

மறுநாள் பட்டறையில் அக்கா எனக்காகக் காத்திருந்தார். கணவருக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. வாரம் மூன்று நாள் கூலாயில் டயாலிசிஸ். அவர் ஏறி இறங்க வசதியாக முன் சீட்டை உயர்த்தி மாட்டி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் கட்டியிருந்தார் அக்கா. இந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றிப் போகிறார், அடுத்த வாரம் யாரைக் கேட்பதென்று தெரியவில்லை என்றார். வெட்டாதே என்று கெஞ்சியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் என் பேனாவைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னும் வெட்டுங்க தம்பி. அவரு உக்கார்ற சீட்ட மட்டும் விட்டுருங்க."

கை மாறிய பேனா

அந்தோணி அண்ணன் முகம் செத்துவிட்டது. கஷ்டப்படுகிற குடும்பம், எல்லாமே புதிதாகப் போட்டுக் கொடுப்போம் என்று இரக்கப்பட்டு எழுதியிருக்கிறார். அதற்கு மேல் என் வெட்டுக்கென்று வழக்கமான பங்கு வேறு. எனக்கும் வெட்கமாக இருந்தது. நான் பட்டியலைப் பார்த்த அளவுக்குக் காரைப் பார்க்கவில்லை.

இருவரும் குனிந்து நிமிர்ந்து காரை மறுபடி பார்த்தோம். பின்கதவு தட்டினாலே நிமிர்ந்துவிடும். முன்கதவுக்கு வேறொரு பழைய காரின் நல்ல கதவே போதும். அண்ணன் என் பேனாவை வாங்கி, சீட்டு வரியை மட்டும் விட்டுவிட்டுப் பட்டியலில் தன் வரிகளைத் தானே அடித்தார். முடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார்: "எப்படி சார் தெனமும் இத செய்றீங்க? கை வலிக்குது லா."

நீலக் கதவு

தொகை இறங்கியது, நிறுவனம் ஒப்புக்கொண்டது. வெள்ளைக் காருக்கு நீலக் கதவுதான் கிடைத்தது. பெயிண்ட் அடிக்க நான்கு நாள் ஆகும் என்றதும் அக்கா அப்படியே ஓட்டிப் போய்விட்டார், மறுநாள் டயாலிசிஸ். பட்டியலில் பெயிண்டுக்கு எழுதிய வரியை என்ன செய்வதென்று கேட்க வீட்டுக்கே போனேன். கணவர் வாசலில் உட்கார்ந்து கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் துணியை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அதையும் வெட்டிருங்க தம்பி. ஆஸ்பத்திரி வாசல்ல எல்லாம் வெள்ளக் காரு. நீலக் கதவ பாத்ததும் நர்ஸம்மா வீல்சேர தள்ளிட்டு வந்துடுறாங்க."

பதினேழு வருடம் வெட்டி வெட்டி வசவு மட்டுமே வாங்கிய நான் அன்று முதன்முறையாக அக்கா கையால் ஒரு டின் முறுக்கு வாங்கினேன். வாடிக்கையாளரிடம் எதையும் வாங்கக்கூடாது என்ற ஆபீஸ் விதி, திரும்பும் வழியில் கூலாய் வந்து டின் காலியான பிறகுதான் நினைவுக்கு வந்தது.