ஆகஸ்ட் விருந்தாளி

ஆகஸ்ட் மாதம் ஊரே விடுமுறைக்குக் கிளம்பிவிடும், பாரிஸில் நல்ல ரொட்டிக்கு அலைய வேண்டும். எங்கள் தெருவில் மூன்று ரொட்டிக் கடைகளில் இரண்டு பூட்டு. பல்வலி வந்தால் செப்டம்பர் வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், டாக்டரும் கடற்கரையில் இருப்பார். அந்த மாதம் பார்த்து இந்த ஊருக்கு ஆசை ஆசையாக வருகிறவள் ஒருத்தி உண்டென்றால் அது கிஸ்லேன்தான்.

நான் லூர்தெஸ், இந்தக் கட்டடத்தின் காவல்காரி. சொந்த நாடான போர்ச்சுகலுக்குப் போய்வருவதை ஜூலையிலேயே முடித்துக்கொண்டு ஆகஸ்டில் வாசலறைக்கு வந்துவிடுவேன். கிஸ்லேன் லிமோஜ் என்ற ஊரில் பள்ளிக்கூடச் சமையற்காரி. இரண்டாம் மாடி மரிவோனும் அவளும் அந்த ஊரில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். மரிவோன் பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். "ஆகஸ்ட் பூரா நாங்க இல்லடி, பாரிஸ் உனக்குத்தான்" என்று சாவியைக் கொடுப்பாள். பதிலுக்குப் பூனைக்குத் தீனி, பதினாறு தொட்டிகளுக்குத் தண்ணீர். சாவி கைமாறும் அரைமணி நேரம்தான் தோழிகள் இருவரும் சேர்ந்திருப்பது. பதினோரு வருஷமாக இப்படியே.

கிஸ்லேனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. காலிப் பேருந்தில் முதல் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவாள். ஊருக்குப் போனால் 'பாரிஸில் என் சிநேகிதி வீடு' என்று வருஷம் முழுக்கப் பீற்றிக்கொள்வாளாம். ஞாயிறு மதியம் கறி அடைத்த தக்காளி சுட்டு என்னையும் கூப்பிடுவாள். வெட்கமில்லாமல் இரண்டு தட்டு தின்பேன்.

இந்த வருஷம் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். "இனி அக்டோபர்ல வர்றேன் லூர்தெஸ். அவளும் நானும் கைகோத்துக்கிட்டு ஆத்தங்கரையில நடக்கணும். அவ சிநேகிதங்களையெல்லாம் பாக்கணும். கோட்டு கூட வாங்கிட்டேன்." மரிவோனிடம் மூன்று தடவை கேட்டாளாம். மூன்று தடவையும் 'பார்க்கலாம்' என்றாளாம். நான் குனிந்து இன்னொரு தக்காளியை வெட்டினேன். மரிவோன் ஏன் இழுத்தடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

பதினாறாம் தேதி, கடற்கரையில் விடாத மழையென்று நாலாம் மாடி மதாம் பெல்லெக் முன்கூட்டியே திரும்பிவிட்டாள். படியில் கிஸ்லேனைக் கண்டதும், "நீதானே மரிவோன் வீட்டு வேலைக்காரி? நல்லதாப் போச்சு. மேல வந்து என் ஜன்னலையும் தொடச்சுக் குடு" என்றாள்.

கிஸ்லேன் சிரித்தாள். "ஆள் மாறிப்போச்சு மதாம். நான் அவ சிநேகிதி."

"சிநேகிதியா? ஆகஸ்டுக்கு ஊர்லேர்ந்து வேலைக்காரி வருவான்னு வருஷா வருஷம் அவதானே சொல்றா! நம்பலேன்னா இந்தக் காவல்காரியையே கேளு."

நான் படியடியில் குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குனிந்து அதன் மூடியைச் சரிசெய்தேன்.

கிஸ்லேன் அந்தப் படியிலேயே உட்கார்ந்து மரிவோனுக்குப் போன் போட்டாள். மரிவோன் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஐயோ, இதப் போய்ப் பெருசு பண்ணாதடி! ஸ்கூல் சமையக்காரி என் சிநேகிதின்னு இங்க இருக்கறவங்ககிட்ட எப்பிடிச் சொல்ல? வேலைக்காரின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உனக்கென்ன கொறஞ்சுபோச்சு?"

"அப்ப அக்டோபர்?" என்றாள் கிஸ்லேன். பூனை சாப்பிட்டதா என்று கேட்டாள் மரிவோன்.

அடிப்பாவி என்று மனதுக்குள் திட்டினேன். நம்பியவள் கழுத்தை இப்படியா அறுப்பது? ஆனால் திட்டுவதற்கு எனக்கு ஏது யோக்கியதை? முதல் வருஷமே மரிவோன் என்னிடமும் அப்படித்தான் சொன்னாள். இரண்டாவது ஞாயிறே அது பொய்யென்று புரிந்துவிட்டது. சொன்னால் கிஸ்லேன் இனி வரமாட்டாள்; வந்தால் ஆளில்லாத ஆகஸ்டில் எனக்கும் ஒரு துணை. அதற்காகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் கிஸ்லேன் பெட்டியோடு இறங்கி வந்தாள். தொட்டிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியாயிற்று, பூனை சாப்பிட்டாயிற்று என்று சொல்லிச் சாவியை என் மேசையில் வைத்தாள். கண் சிவந்திருந்தது.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத வருஷத்துலேர்ந்து" என்றேன். இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை.

பெட்டியின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தினாள். "அவ பெரிய எடத்துக்குப் போனவ, மாறிட்டா. நீங்க என் கையால சாப்பிட்டவங்களாச்சே, லூர்தெஸ்."