முப்பத்து நான்கு பேருக்கு அக்கா

என் மாமா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால் ஓடி வருகிற ஆள். பெரிய மீசை, அகலமான தோள், எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ். அவருக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அத்தைக்கு, என் அம்மாவுக்கு, எனக்கு. அந்த வாழ்க்கையில் அவர் ஒரு அக்கா.

புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் ஏழு வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது மாமா ஒரு லிஃப்ட் குழிக்குள் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கட்டு. அதே வாரம் அத்தை ஒரு சுவர்க் கடிகாரம் ஆர்டர் செய்திருந்தார். வந்த பெட்டியைப் பிரித்தால் உள்ளே கடிகாரம் இல்லை. ஒரு வெள்ளைத் துணி, வண்ண வண்ணமாய், நிறத்துக்கொரு நம்பரோடு நூல், மழுங்கின முனையுள்ள ஊசி, கட்டம் கட்டமாய் ஒரு தாள். யாருக்கோ போக வேண்டிய கிராஸ் ஸ்டிச் பெட்டி மாமா வீட்டுக்கு வந்துவிட்டது.

"திருப்பி அனுப்பணும், மேசை மேல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் மாமா கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி அந்தத் தாளை லிஃப்ட் கன்ட்ரோலரின் வயரிங் படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாராம். துணியில் ஏற்கெனவே பதினோரு தையல். பெட்டி திரும்பிப் போகவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிராஸ் ஸ்டிச்சுக்கான துணியில் நெசவிலேயே சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெருக்கல் குறி தைக்க வேண்டும். எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று தாளைப் பார்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். துணியில் எதுவும் அச்சடித்திருக்காது. ஒரு கட்டம் தவறினால் அப்போது தெரியாது. மூன்று நாள் கழித்து, படத்தில் கூரை வந்து சுவரைத் தொட வேண்டிய இடத்தில் தொடாமல் நிற்கும்.

மாமாவின் முதல் படம் ஒரு கலங்கரை விளக்கம். அதன் பால்கனி ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப் போய்விட்டது. வேறு யாராவது என்றால் "யாருக்குத் தெரியப்போகுது" என்று விட்டிருப்பார்கள். ஒரு லிஃப்ட் தரைமட்டத்துக்கு அரை விரல் கீழே நின்றாலே மாமாவுக்குச் சோறு இறங்காது. நான்கு சாயங்காலம் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்தார். பிரித்த நூல் ஒரு தட்டு நிறைய வந்தது. அந்தத் தட்டைப் படம் எடுத்து, 'கட்டத்துக்குள்' என்று ஒரு வலைப்பூ தொடங்கி, முதல் பதிவாகப் போட்டார்.

மூன்றாம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. "அக்கா, இதைப் படிச்சதும் நிம்மதியா இருக்கு. நேத்து முழுக்க நானும் பிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

மாமா அதை நாலு தடவை படித்தார். திருத்தலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான், கட்டு பிரித்து முதல் நாள் வேலைக்குப் போனபோது, சட்டைக் கையில் ஒட்டியிருந்த சிவப்பு நூலைச் சூபர்வைசர் பார்த்துவிட்டார். "என்னப்பா, பாவாடைக்கு ஓரம் அடிக்கிறியா?" என்று அவர் கேட்க, பட்டறையே சிரித்தது. இரண்டு வாரம் மாமாவுக்கு 'டெய்லரம்மா' என்றே பெயர். அதனால் அந்த 'அக்கா'வை அப்படியே விட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அந்த நாளைக்கு ஆறேமுக்கால் வருடம் ஆனது.

அவர் ஒரு பொய்யும் எழுதவில்லை. இதை அவரே அடிக்கடி சொல்வார். அறிமுகப் படம் ஒரு ஊசி. பதிவுகள் எல்லாம் வேலையைப் பற்றி: கையில் பிசுக்கு இருந்தால் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்துத் தேய்த்துக் கழுவுவது எப்படி, துணியை நாலாய் மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஏன் தொடங்க வேண்டும், சிவப்பு நூல் சாயம் விடுமா என்று முன்கூட்டியே பார்ப்பது எப்படி. ஞாயிறுதோறும் ஒரு பதிவு. தவறாமல் வந்து பேசுகிறவர்கள் முப்பத்து நான்கு பேர். யார் என்ன படம் தைக்கிறார்கள், யாருக்கு எந்த மூலையில் சிக்கல் என்று மாமாவுக்கு அத்துப்படி. சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகளின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்கிற மனுஷன் அவர்.

இந்த வருடம் பள்ளி முடித்து, முடிவுக்காகக் காத்துக்கொண்டு நான் மாமா வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் தாவரம் டீச்சர். மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுப்பவர், இலையும் கொடியும் தவிர வேறு எதையும் தைக்காதவர், மாமாவின் முதல் பத்து வாசகர்களில் ஒருவர். வலது கைக் கட்டைவிரலில் அறுவைச் சிகிச்சை முடிந்து, கையைக் காட்ட எங்கள் ஊர் மருத்துவமனைக்குச் சனிக்கிழமை வருகிறாராம். அவருடைய பள்ளி ஆய்வகத்தில் இருபத்து நாலு வருடம் உதவியாளராக இருந்த ஓர் அம்மாள் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருக்காகத் தைத்த படத்தில் ஒரு மூலை பாக்கி. 'உங்களைத் தவிர வேறு யார் கையிலும் அதைக் கொடுக்க மனசு வரலை அக்கா. வீட்டுக்கு வரலாமா?'

மாமா அன்று இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

"வரச் சொல்லுங்க, உண்மையைச் சொல்லுங்க, முடிஞ்சது" என்றார் அத்தை.

"சொன்னா போயிடுவாங்க. இவங்க போய் மத்தவங்ககிட்ட சொல்வாங்க. ஆறு வருஷமா நம்மள ஏமாத்தியிருக்கான் ஒருத்தன்னு முப்பத்து நாலு பேரும் போயிடுவாங்க."

"போனா போகட்டும்."

"உனக்கு என்ன, சொல்லிட்டே! எனக்கு அவங்களை விட்டா பேச யாரு இருக்கா? சூபர்வைசர்கிட்டயா போய் இழையைப் பத்திப் பேசுவேன்?"

அத்தையை ஏற இறங்கப் பார்த்தபோதுதான் மாமாவுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். அத்தையே அக்காவாக நடிக்க வேண்டுமாம். ஒரு மணி நேரம்தானே.

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே நீங்கதான் வேணும். நான் அக்காவா?"

"நான் சொல்லித் தர்றேன். நூல்ல எத்தனை இழை?"

"ஆறு."

"தைக்கிறப்போ?"

"அதையும் ஆறாத்தான் தைப்பாங்க."

"ரெண்டு! ரெண்டா பிரிச்சுத் தைக்கணும். சரி, பின்பக்கம் முடிச்சு போடுவியா?"

"போடுவேன்."

"ஐயோ, போடக்கூடாது! முடிச்சுங்கிற பேச்சே வாயில வரக்கூடாது!"

"முடிச்சு இல்லாம நூல் எப்படி நிக்கும்? உங்க மேல இருக்கிற மரியாதைக்கா?"

மூன்று நாள் இப்படிப் போனது. அத்தை காய் நறுக்கும்போதும் "ரெண்டு இழை, முடிச்சு கூடாது, நடுவுல இருந்து தொடங்கணும்" என்று முணுமுணுத்தார். அதுவரை ஒரு பொய்யும் எழுதாத மனுஷன் இப்போது ஒரு பொய்யை முழுசாகத் தைத்துக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரிந்தது. சனிக்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்று மீசையையே வெகுநேரம் பார்த்தார்.

பதினோரு மணிக்கு டீச்சர் வந்தார். குள்ளமான உருவம், நரைத்த முடி, வலது கையில் வெள்ளைப் பட்டை, இடது தோளில் துணிப்பை. அத்தைதான் கதவைத் திறந்தார்.

"வாங்க வாங்க. நான்தான்... நான்தான் கட்டத்துக்குள்."

மாமா ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சுவிட்ச் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் அவரை ஒரு தடவை பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தார். கலங்கரை விளக்கத்தின் முன்னால் போய் நின்று, ஊரில் விட்டுவந்த ஒருவரைப் பார்ப்பது போலச் சிரித்தார்.

"இதுல இந்த பால்கனியைத்தானே பிரிச்சீங்க? எவ்வளவு நேரம் ஆச்சு?"

இந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. அத்தை என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன்.

"அது... ஒரு ஒரு மணி நேரம் இருக்கும்."

"நாலு சாயங்காலம்!"

சுவரைப் பார்த்து நின்றிருந்த மாமாதான் கத்தினார். திருப்புளி கீழே விழுந்து உருண்டது. அவர் திரும்பியபோது முகம் வேர்த்திருந்தது. "ஒரு மணி நேரத்துல யாரும் அதைப் பிரிக்க முடியாது. ரெண்டாயிரத்தி எழுநூறு தையல்" என்றார். அதற்குமேல் ஒளிய இடமில்லை என்று அவருக்கே புரிந்தது. "டீச்சர், மன்னிச்சுக்கங்க. அவ இல்ல. நான்தான் தைக்கிறேன். நான்தான் எழுதுறேன். முதல் நாளே சொல்லியிருக்கணும்."

டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தெரியும் தம்பி."

"என்ன தெரியும்?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி பூதக்கண்ணாடி விளக்கு வாங்கினதைப் பத்தி ஒரு பதிவு போட்டீங்களே, விளக்கைப் படம் எடுத்து? அந்தக் கண்ணாடியில படம் எடுக்கிற ஆளு தெரியுது. ஒரு கையில போன், ஒரு கையில துணி மாட்டின வளையம். இவ்வளவு பெரிய மீசை. மீசைக்குக் கீழே உதட்டுல பச்சை நூல் தொங்குது. நம்ம மீன்தொட்டி இருக்காளே, மீன் படமாவே தைப்பாளே, அவதான் பெருசு பண்ணிப் பாத்து எல்லாருக்கும் அனுப்பினா. ஒரு வாரம் எங்களுக்கு வேற பேச்சே இல்ல."

"எல்லாருக்குமா?"

"முப்பத்து நாலு பேருக்கும்."

மாமா சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்புறம் ஏன் யாரும் கேக்கலை?"

"நீங்க சொல்லலையே. சொல்லாம வச்சிருக்கிறவர்கிட்ட நாங்க எதுக்குப் பிடுங்கணும்? நீங்க யாரா இருந்தா என்ன, தையல் எண்ணிக்கை சரியா இருக்கு. பழகினது அக்கா, அப்படியே கூப்பிட்டுட்டோம். எனக்கு அம்பத்தெட்டு வயசு தம்பி. உங்களை அக்கான்னு கூப்பிடுறப்போ எனக்கே சிரிப்பா வரும்."

"இதுக்கா நான் மூணு நாளா இழை இழைன்னு மனப்பாடம் பண்ணினேன்?" என்றார் அத்தை. அதற்கு டீச்சர் சிரித்த சிரிப்பில் மாமாவும் சிரித்தார். சிரிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சு வரை தண்ணீரில் நின்றிருந்தவர் கரையேறியது போல இருந்தது அவர் மூச்சு விட்ட விதம்.

டீச்சர் பையிலிருந்து துணியை எடுத்து விரித்தார். ஒரு பெரணி, நுனி சுருண்ட இளம் இலையோடு. வலது கீழ் மூலை மட்டும் வெறுமையாக இருந்தது. மாமா முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரு முடிச்சும் இல்லை. தலையாட்டினார். பிறகு முன்பக்கத்தை உற்றுப் பார்த்ததும் அவர் முகம் சட்டென்று மாறியது.

ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் மேலே விழுகிற தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். டீச்சருடையது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. மாமா இடது கைக்காரர். அவருடையது இடப்பக்கம் சாயும். மூலை மட்டும் வேறு பக்கம் சாய்ந்தால் வெளிச்சத்தில் அது தனி நிறமாகத் தெரியும் என்றார் மாமா.

"அதுதான் எனக்கும் பயம்" என்றார் டீச்சர். "கையை மாத்தித் தைக்க முடியுமா?"

மாமா உட்கார்ந்தார். துணியை மடியில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வேலைக்குப் போகிற இடத்தில் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்துவிட்டு நிற்பாரே, அப்படி ஒரு யோசனை முகத்தில். பிறகு துணியைக் கால்வட்டம் திருப்பினார், பெரணி பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும்படி. தாளையும் அதேபோலத் திருப்பி வைத்தார். தன் வழக்கப்படி இடது கையால் மூன்று தையல் போட்டார். துணியை மறுபடி நிமிர்த்தினார்.

மூன்றும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. எது அவருடையது, எது டீச்சருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அட!" என்றார் டீச்சர். "இதை ஒரு பதிவாப் போடுங்க."

மாமா அந்த மூலையை ஐந்து நாளில் முடித்து அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் துணியைத் திருப்புவது எப்படி என்று எழுதினார். கடைசியில், 'நான் ஒரு லிஃப்ட் மெக்கானிக். எனக்கு மீசை இருக்கிறது. இத்தனை நாள் சொல்லாததற்கு மன்னியுங்கள்' என்று மூன்று வரி. பதிவிடும் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய்ச் சமையலறையில் பாத்திரம் கழுவ நின்றுகொண்டார். அத்தைதான் பின்னூட்டங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்.

"தெரியும் அக்கா."

"தெரியும் அக்கா, மீசை நல்லா இருக்கு."

"தெரியும் அக்கா. துணியைத் திருப்புற விஷயம்தான் தெரியாது, நன்றி."

இப்படியே போய் மீன்தொட்டியிடம் நின்றது. "அதெல்லாம் சரி. மூணு வருஷமா கேக்க முடியாம தவிச்சுக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு உங்க உதட்டுல தொங்கின பச்சை நூல் எந்த நம்பர்?"

மாமா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். ஈரக் கையோடு அலமாரியைத் திறந்து பழைய நூல் பெட்டியைத் தேடத் தொடங்கினார்.