உவன் வாற வழி

நேசன் இறந்த செய்தி மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வந்து சேர்ந்தது. சொன்னவன் முன்பு எங்கள் இருவரிடமும் கணினி வகுப்பில் படித்தவன். இப்போது மூன்று பிள்ளைகளின் தகப்பன். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "நேசன் மாஸ்டர் விடிய மோசம் போட்டாராம் சேர். ஹார்ட் அற்றாக். உங்களுக்கு முதலே தெரிஞ்சிருக்கும்" என்றான். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எனக்கு முன்னர் யார் யாருக்கெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்ற நினைப்புத்தான் வந்தது. மனதுக்குள் பெயர்களை அடுக்கிப் பார்த்தேன். அவனுடைய சேர்ச் ஆட்கள், அயலவர்கள், பழைய மாணவர்கள் என்று வரிசை நீண்டது. கடைசியில், மோட்டார் சைக்கிளில் போகிற ஒருவன் தற்செயலாகக் கண்டு சொல்லுகிற இடத்தில் நான் நின்றேன். பொறுக்கிய கத்தரிக்காயை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜெபநேசன் மாஸ்டரை அறிந்தவர்களே, இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மனைவி மேர்சி என்னைக் கேட்டபோது, "எல்லாரும் நல்லவர், வல்லவர் எண்டு எழுதித் தந்திருக்கினம். நீங்கள் ஆளைப் பற்றி எழுதுங்கோ, சிவா அண்ணை" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நானும் அவனும் ஒத்த வயதுக்காரர், அதனால் அவன் இவன் என்றே எழுத வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நேசன் நல்லவன்தான். நான் அவன்மேல் பொறாமைப்பட்டவன். இருபது வருடத்துக்கு மேல் பட்டேன். ஆளை அடக்கம் செய்த பிறகும் அது என்னை விட்டபாடில்லை.

போர் நிறுத்தம் வந்து, பாதை திறந்து, கொழும்பிலிருந்து கணினிகள் லொறியில் வந்திறங்கிய காலத்தில், கொக்குவிலில் ஒரு கணினி வகுப்பில் நாங்கள் இருவரும் மாஸ்டர்களாகச் சேர்ந்தோம். அப்போது அங்கே றெயில் ஓடவில்லை, தண்டவாளமே இல்லை. அவன் கணினியைக் கழற்றிப் பூட்டப் படிப்பித்தான், நான் தட்டச்சும் கடிதம் எழுதவும் படிப்பித்தேன். நான் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தி விளங்கப்படுத்திய விடயத்தை அவன் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க முதல் விளங்கப்படுத்திவிடுவான். பிள்ளைகள் என்னிடம் வந்து, "சேர், நேசன் சேர் எப்ப வருவார்?" என்று கேட்பார்கள். நான் அவனுடைய வரவு பதியும் இடாப்பு அல்ல என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். அதைக் கேட்டுச் சிரித்தவனும் அவன்தான்.

வகுப்பு முடிந்த பிறகு நாங்கள் இருவரும் இரண்டு கணினிகளை வயரால் இணைத்து ஒரு விளையாட்டு விளையாடுவோம். நினைவு மலரில் கணினி விளையாட்டா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அதைச் சொல்லாமல் எனக்கு அவனைச் சொல்லத் தெரியாது. எங்கோ தொலைவில், பெயர் தெரியாத ஒரு கிரகம். உனக்கு ஒரு பாசறை, எதிராளிக்கு ஒரு பாசறை. வேலையாட்களை விட்டு நிலத்தில் பளிங்குக் கற்களைக் கிண்டி எடுக்க வேண்டும். அதைக் கொண்டு கட்டடம் கட்டி, படை திரட்டி, மற்றவனுடைய பாசறையைத் தரைமட்டமாக்க வேண்டும். சதுரங்கம் போல முறைக்கு முறை காத்திருக்கத் தேவையில்லை. இருவரும் ஒரே நேரத்தில் கை ஓயாமல் ஓட வேண்டும். உன்னுடைய ஆள் போய்ப் பார்க்காத இடமெல்லாம் திரையில் கன்னங்கரேலென்று கிடக்கும். எதிராளி அந்தக் கறுப்புக்குள் எங்கே இருக்கிறான் என்பதுதான் முழு விளையாட்டும். விளையாட்டு வந்த சீடி இறுவட்டின் மேல் எழுதியிருந்த பெயர் கைபட்டு அழிந்துபோனதால் நாங்கள் அதைக் 'கிண்டல்' என்றே சொன்னோம். "ஒரு கிண்டல் போடுவமோ?" என்று அவன் கேட்டால், படிக்க வந்தவர்கள் தங்களைத்தான் பகிடி பண்ணப் போகிறோம் என்று நினைத்துக் கலவரப்படுவார்கள்.

அவன் விளையாடும்போது பார்க்கவே எனக்கு வயிறு எரியும். அவசரமே கிடையாது. "முதல் கிண்டு, பிறகு கட்டு, பிறகு அடி" என்பான். நான் வியர்த்து விறுவிறுத்து ஐம்பது பேரைத் திரட்டிக்கொண்டு போனால், அங்கே எண்பது பேர் வரிசையில் நிற்பார்கள். நான் இடது கைக்காரன். மவுஸையும் இடது பக்கத்தில் வைத்துத்தான் பிடிப்பேன். என்னுடைய படை எப்போதும் திரையின் இடப்பக்கத்தால்தான் போகும் என்பது எனக்கே தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது. முன்வாசலில் இரண்டு பேரைச் சத்தம் போட விட்டுவிட்டு, மிச்சப் படையை இடப்பக்கத்தால் கொண்டுபோவேன். பெரிய தந்திரம் என்று நினைப்பு. அங்கே அவன் முதலிலேயே காவல் கோபுரம் கட்டி வைத்திருப்பான்.

"உனக்கு வலப்பக்கம் எண்டு ஒண்டு கிடக்கிறது தெரியாதோ, மச்சான்?" என்று கேட்பான்.

வலப்பக்கத்தால் போயும் பார்த்தேன். இன்னும் கெதியாகத் தோற்றேன்.

ஒரேயொரு நாள் நான் வென்றேன். மாரி மழை கொட்டிய ஒரு பின்னேரம். அன்று பிள்ளைகள் வரவில்லை. வழக்கம் போல முன்வாசலில் இரண்டு பேர், இடப்பக்கத்தால் படை. அவன் எதற்காகவோ அந்தப் பக்கத்துக் காவலை அன்று குறைத்து வைத்திருந்தான். கோபுரம் விழுந்தது, பாசறைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. நான் கதிரையை விட்டு எழும்பி நின்று விளையாடினேன். கடைசிக் கட்டடம் தீப்பிடித்து எரிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் நின்றுவிட்டது. இரண்டு திரையும் ஒன்றாக அணைந்தன. வெற்றி என்று காட்டுகிற அந்த எழுத்து வரவேயில்லை.

பிறகு அவன் சிரித்தான்.

"கரண்ட் வெண்டிட்டுது, மச்சான்."

"நான் வெண்டிட்டன்."

"எங்கை, காட்டு பாப்பம்?"

காட்ட என்னிடம் என்ன இருந்தது? அன்றிலிருந்து இந்தக் கதை கொக்குவில் முழுக்கப் பரவியது. யாருக்குச் சொன்னாலும், "உவன் தான் வெண்டதெண்டு சொல்லுறான். வெண்டது கரண்ட்" என்றுதான் முடிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் அந்த 'உவன்' என்ற சொல் முள்ளாகக் குத்தும். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறதே, சிவநாதன் என்று. மற்றவர்களை அண்ணை, தம்பி, மாஸ்டர் என்று மரியாதையாகச் சொல்லுகிறவன், என்னை மட்டும் கடைக்கண்ணால் காட்டி 'உவன்' என்றான். ஒரு ஆளை உவன் என்பதில் ஒரு அலட்சியம் இருக்கிறது என்பது எங்களுடைய ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவன் புது வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று அது வெடித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு விருந்தினர் என் பக்கத்தில் இருந்தார். நேசன் பலகாரத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தபோது, "இவர் ஆர், நேசன்?" என்று அவர் கேட்டார். "உவனோ? உவன் கரண்டோடை சேர்ந்து வெண்டவன்" என்றான். வீடு முழுக்கச் சிரிப்பு. நான் சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அத்தோடு விளையாட்டும் நின்றது, போக்குவரத்தும் குறைந்தது. வகுப்பு அதற்கு முன்னரே மூடி, அவன் வீட்டில்தான் விளையாடிக்கொண்டிருந்தோம்.

அதன்பின் இரண்டு முறை அவன் என் வீட்டுக்கு வந்தான். இரண்டாம் முறை வந்தபோது முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. "மச்சான், கிண்டலைத் திருப்பிப் புதிசாய் விட்டிருக்கிறாங்கள். அதே விளையாட்டுத்தான். படம் மட்டும் நல்ல துலக்கம். இப்ப வயர் ஒண்டும் வேண்டாம், அவரவர் வீட்டிலை இருந்தே விளையாடலாம். வா, ஒருக்கா" என்றான். எனக்கு நேரமில்லை என்றேன். அன்று பூனைக்குச் சோறு வைப்பதைத் தவிர எனக்கு வேறு எந்த வேலையும் இருக்கவில்லை. "சரி. இடம் கிடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் முறை வருவான், அப்போது ஓம் என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அவன் வரவில்லை. அதற்கும் அவன்மேல்தான் கோபப்பட்டேன்.

செத்த வீட்டில் மேர்சி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஞாயிற்றுக்கிழமையிலை ஆறரைக்கே எழும்பி கம்பியூட்டருக்கு முன்னாலை இருந்திடுவார். கனடாவிலை கபிலன் எண்டு ஒரு தம்பி. மூண்டு வருசமாய் ஒரு கிழமை தப்பாமல் அந்த விளையாட்டுத்தான். ஒருத்தரை ஒருத்தர் நேரிலை கண்டதில்லை. சேர்ச்சுக்கு நேரம் போட்டுது எண்டு நான் தான் இழுத்துக்கொண்டு போறது." பெட்டிக்குள் அவன் வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தான். நான் தலைமாட்டில் நின்றேன். அழ வேண்டிய இடத்தில் நின்று, முகம் தெரியாத ஒரு கபிலனைத் திட்டிக்கொண்டிருந்தேன். எங்களுடைய விளையாட்டு. நாங்கள் பெயர் வைத்த விளையாட்டு. மூன்று வருடமாக இன்னொருவனோடு.

அடக்கம் முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு அந்தக் கபிலனே எனக்குத் தொலைபேசி எடுத்தார். நம்பரை மேர்சியிடம் வாங்கியிருந்தார். நெல்லியடியில் பிறந்து சிறுவயதில் போனவராம், எங்கள் பேச்சு இன்னும் வாயில் அப்படியே இருக்கிறது. "அண்ணை, உங்கடை ஞாயிறு விடிய எங்களுக்கு இஞ்சை சனி இரவு, அது வந்தா எனக்கு என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. ஒருக்கா விளையாடுவமோ?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஆளை ஒருமுறையாவது அடித்து நொறுக்க வேண்டும் என்ற ஆசை வந்து, ஓம் என்றுவிட்டேன்.

என்னிடமிருக்கும் பழைய கணினி அதற்குத் தாங்காது. ஞாயிறு காலை நேசன் வீட்டுக்குப் போய் அவனுடைய கதிரையில் இருந்தேன். மேர்சி தேத்தண்ணி வைத்துவிட்டு சேர்ச்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மவுஸை இடது பக்கம் இழுத்தேன், வயர் எட்டவில்லை. வலது கையாலேயே பிடித்தேன். கபிலனின் குரல் கணினிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் போயிருக்கும். என் முன்வாசலில் இரண்டு பேர் வந்து நின்று சுடத் தொடங்கினார்கள். நான் எல்லோரையும் அங்கே அனுப்பினேன். அடுத்த நிமிடம், இடப்பக்கத்துக் கறுப்புக்குள்ளிருந்து முழுப் படையும் வந்து இறங்கியது.

அது என்னுடைய அடி.

"தம்பி, உந்த அடியை ஆர் உமக்குப் பழக்கினது?"

"நேசன் அண்ணை தான். முதல் மூண்டு மாதமும் உந்த அடியைத்தான் பழக்கினவர். 'உவன் உப்பிடித்தான் வருவான், நீரும் உப்பிடி வாரும்' எண்டுவார். நான் வேறை பக்கத்தாலை வந்தா விளையாட்டை நிப்பாட்டிப் போடுவார். உவன் உப்பிடி வரமாட்டானாம்."

"உவன் எண்டு ஆரைச் சொன்னவர்?"

"அப்ப எனக்கும் தெரியாது அண்ணை. ஒருநாள் பேரைக் கேட்டன். 'பேர் என்னத்துக்கு, உவன் உங்கை எங்கடை பக்கத்திலை தான் இருக்கிறான்' எண்டார். பிறகு செத்த வீட்டு வீடியோவிலை நீங்கள் தலைமாட்டிலை நிண்டதைக் கண்டு அது ஆர் எண்டு மேர்சி அக்காட்டைக் கேட்டன். உவன் நீங்கள் தான் எண்டு அவ தான் சொன்னவ. நீங்கள் மாரிக்கை ஒருக்கா வெண்டனீங்களாமே? கரண்ட் போனதாலை தான் தப்பினது, இன்னும் அரை நிமிசம் எண்டா துலைஞ்சன் எண்டு எனக்கு எத்தினை தரம் சொன்னவர்."

இவன் என்றால் சொல்லுகிறவனுக்குக் கிட்ட நிற்பவன். அவன் என்றால் தூரத்தில் போய்விட்டவன். இரண்டுக்கும் நடுவில் நிற்பவனுக்கு, கேட்கிறவனின் பக்கத்திலேயே நிற்பவனுக்கு, எங்களிடம் உவன் என்று ஒரு சொல் இருக்கிறது. இருபது வருடமாக அதில் அலட்சியத்தை மட்டும் பொறுக்கி எடுத்தேன். கோபித்துக்கொண்டு போன என்னை அவன் ஒருநாளும் 'அவன்' என்று சொல்லவில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. நான் வரமாட்டேன் என்றதும், கண்டறியாத ஒருவரைப் பிடித்து, என்னைப் போலவே வரப் பழக்கி, மூன்று வருடம் என்னோடு விளையாடியிருக்கிறான்.

இதை எழுதும்போதும் பொறாமை போகவில்லை. முன்பு அவன் கெட்டித்தனத்தின்மேல் இருந்தது, இப்போது கபிலன்மேல். மூன்று வருடம் நானாக இருக்கக் கிடைத்தது அவருக்குத்தான். வீட்டில் சும்மா இருந்த எனக்கு அது கிடைக்கவில்லை. அவர் என்னைவிட நன்றாக என்னை விளையாடுகிறார் என்பது வேறு.

அன்று தோற்று முடிந்ததும் கபிலன் கேட்டார். "ஏன் அண்ணை இடப்பக்கம் காவல் போடேல்லை?"

"மறந்து போனன், தம்பி. நேசன் அந்தப் பக்கத்திலை தான் கோபுரம் கட்டுவான்."

"இல்லையே. என்னோடை ஒருநாளும் கட்டினதில்லை. ஏன் எண்டு கேட்டாலும், 'அது உவன் வாற வழி, திறந்து கிடக்கட்டும்' எண்டுவார்."

நேசனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது அந்த வழி ஒன்றுதான். ஒவ்வொரு ஞாயிறும் ஆறரைக்கு அவனுடைய கதிரையில் இருக்கிறேன். மவுஸ் வலது கையில். முதல் கிண்டுகிறேன், பிறகு கட்டுகிறேன். இடப்பக்கத்தில் மட்டும் ஒன்றும் கட்டுவதில்லை.