நான் கொடுத்த பட்டா

கல்வராயன் மலையில் ஊராட்சிச் செயலராக இருந்தபோது நான் ஒரு பட்டா கொடுத்தேன். பட்டா கொடுக்கும் அதிகாரம் ஊராட்சிக்கும் கிடையாது, செயலருக்குச் சுத்தமாகக் கிடையாது. அது தெரியாமல் ரவுண்டு சீல் குத்திக் கொடுத்தேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

சின்னப்பொண்ணு என்று ஒருவர். புருஷன் இல்லை. காட்டு ஓரத்தில் ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டுப் பிழைத்தார். மாமனார் காலத்திலிருந்து உழுத நிலம்தான், ஆனால் பதிவேட்டில் காடு. "ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் குடுத்துட்டாங்களாமே கிளார்க்கு. எனக்கு ஒரு பேப்பர் போட்டுக் குடேன்" என்று கேட்டார்.

அப்போதுதான் பயிற்சி வகுப்பு முடித்து வந்த மிதப்பு எனக்கு. அரசியல் சட்டத்திலேயே ஊராட்சிக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், இனி நாமும் ஒரு குட்டிச் சட்டசபைதான் என்று நினைப்பு. அந்தம்மா மேல் இரக்கமும் இருந்தது. 'மேற்படி நிலத்துக்குப் பட்டா வழங்கப்படுகிறது' என்று தீர்மானங்கள் எழுதும் மினிட் புத்தகத்தில் எழுதினேன். கூட்டமெல்லாம் நடக்கவில்லை. எங்கள் வழக்கப்படி வார்டு உறுப்பினர்களின் வீடு வீடாகப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். தீர்மான நகலை அவர் லேமினேஷன் போட்டு வைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து, பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லி வனத்துறை நோட்டீஸ் வந்தது. அவர் என் தாளைக் காட்டியிருக்கிறார். வனவர் படித்துவிட்டு, "இதுக்கு ரேஷன் கார்டையே காட்டியிருக்கலாம்மா" என்றாராம். சின்னப்பொண்ணு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா கிளார்க்கு, உன் சீலு காட்டுல செல்லாதாமே? உன்ன நம்பித்தானே கெடந்தேன்?"

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலர், பிடிஓ அம்மாவிடம் ஓடினேன்.

"ஏங்க, உங்களுக்கு இன்னா தைரியம்! குடிதண்ணி, தெருவெளக்கு, ஊர் ரோடு, இதெல்லாம் நம்ம கையில. சட்டத்துல எவ்ளோ குடுத்தாங்களோ அவ்ளோதான் நமக்கு. அதுக்கு மேல எழுதினா வெறும் காயிதம்" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "வன உரிமைச் சட்டத்துல கிராம சபைக்கு ஒரு வேல இருக்கு. பட்டா குடுக்கறது இல்ல. மனு வாங்கி, நேர்ல பாத்து, தீர்மானம் போட்டு மேல அனுப்பணும். அது முடியறவரைக்கும் அந்தம்மாவ வெளியேத்த முடியாது. அத்த செஞ்சீங்களா?"

செய்யவில்லை. இருந்த அதிகாரத்தைத் தொடவே இல்லை, இல்லாத அதிகாரத்துக்கு சீல் குத்தியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

மனுவை வாங்கி, கிராம சபையைக் கூட்டினேன். மழை, ஊரில் பாதிப் பேர்கூட வரவில்லை. பாதிப் பேராவது இருந்தால்தான் தீர்மானம் செல்லும். கெடுவுக்கு ஆறு நாள்தான் பாக்கி. சின்னப்பொண்ணு அழுதுவிட்டார். "பழையபடி வூட்டுக்கு வூடு போய்க் கையெழுத்து வாங்கிடேன் கிளார்க்கு. நாளு ஓடிக்கினு இருக்குதே."

"முடியாதுக்கா. இந்த வாட்டி தீர்மானம் மேல போய் நிக்கணும்."

என்னை முறைத்தார். ஆனால் அன்றைக்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, "வந்து குந்தினா போதும், வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். மூன்றாம் நாள் சபை மறுபடி கூடியபோது உட்கார இடமில்லை. சபை அமர்த்திய வன உரிமைக் குழு நிலத்தைப் பார்க்கப் போனது. அதே வனவரும் வந்தார். மாமனார் சமாதிக் கல்லையும் அவர் வைத்த பலாமரத்தையும் பார்த்தார். ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டார். சபை போட்ட தீர்மானம் மேலே போனது, காலி செய்யும் வேலை நின்றது.

பட்டா வர ஒன்றரை வருஷம் ஆனது. மாவட்டக் குழு ஒன்றேகால் ஏக்கருக்குத்தான் கொடுத்தது. "போவுது, காலேக்கர்தானே கம்மி" என்று சிரித்தபடி வந்து காட்டினார். கையிலிருந்த பைக்குள் இன்னொன்றும் இருந்தது. லேமினேஷன் போட்ட என் தாள்.

"இந்தா, இத்த நீயே வச்சிக்க. இன்னொருத்தியாண்ட குடுத்துடாத."

வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு, நம் கையில் இல்லாத காரியம் என்றால் இல்லை என்று சொல்லிவிடுவேன். யாரிடம் போக வேண்டும் என்பதை எழுதிக் கொடுப்பேன். சீல் இல்லாமல்.